மரபு வழி மூளை நோய்களும் பெட் ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் நியூக்ளியர் மெடிசின் பிரிவு ஒன்றில் டெக்னாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கமிருந்து நரம்பியல் சிகிச்சைக்காக இங்கே வரும் குடும்பங்கள் நிறைய. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் தமிழர்களும் வருவார்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் காத்திருப்பு அறையிலேயே கேள்விகள் ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் கேட்கத் தயங்கியவை, கேட்டும் புரியாதவை, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாதவை எல்லாம் அதில் இருக்கும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் வீட்டு நோயாளியின் ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச வேண்டியவர் உங்கள் நரம்பியல் டாக்டர்.

எம்ஆர்ஐ ஏற்கெனவே எடுத்தாச்சே. திரும்ப எதுக்கு பெட் ஸ்கேன்?

எம்ஆர்ஐ மூளையின் வடிவத்தைக் காட்டும்: எந்தப் பகுதி சுருங்கியிருக்கிறது, எங்கே அடைப்பு, எங்கே கட்டி. பெட் ஸ்கேன் மூளையின் வேலையைக் காட்டும். உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் கிட்டத்தட்ட 20 சதவீதம் அதற்குப் போகிறது. அந்தச் சக்தி பெரும்பாலும் குளுக்கோஸிலிருந்து வருகிறது. ஆகவே எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பகுதி சரியாக வேலை செய்கிறது, எது தளர்ந்துவிட்டது என்று தெரியும்.

அதற்காகக் குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் எஃப்டிஜி என்ற மருந்தில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து, நரம்பில் மிகச் சிறிய அளவு ஊசியாகப் போடுகிறோம். மூளை செல் அதைக் குளுக்கோஸ் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுதாக எரிக்க முடியாததால் மருந்து அங்கேயே தங்கிவிடும். அதிலிருந்து வரும் கதிர்களைத் தலையைச் சுற்றியுள்ள வளையம் பிடித்துப் படமாக்கும். 1976-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இதை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்தபோது பார்த்ததும் மூளையைத்தான். இன்று புற்றுநோய்க்கு அதிகம் பயன்படுவதால் ‘பெட் ஸ்கேன்’ என்றாலே சிலர் கேன்சர் என்று பயந்துவிடுகிறார்கள். மூளைக்கு எழுதிக் கொடுத்தால் கேன்சர் சந்தேகம் என்று அர்த்தமில்லை.

எங்க பரம்பரையிலேயே இந்த நோய் இருக்கு. இந்த ஸ்கேன்ல என்ன தெரியும்?

நோயைப் பொறுத்தது. ஹன்டிங்டன் என்பது கை கால் தானாக ஆடுவதும், நடத்தையும் நினைவும் மாறுவதுமாக வரும் குடும்ப நோய். அதில் மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், புட்டாமென் என்ற பகுதிகள் குளுக்கோஸ் எடுப்பது குறையும். எம்ஆர்ஐயில் சுருக்கம் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே சிலரிடம் இந்தக் குறைவு தென்படும், ஏனென்றால் செல்கள் சாவதற்கு முன்பே சோர்ந்துவிடுகின்றன. குடும்ப வழியாக வரும் அல்சைமரில் மூளையின் பின்பக்கமும் பொட்டுப் பகுதிகளும் மங்கும். நடத்தையும் பேச்சும் முதலில் மாறும் ஃப்ரன்டோ-டெம்போரல் டிமென்ஷியாவில் முன்பகுதி மங்கும்.

நடை தள்ளாடுகிற குடும்ப நோய்கள் இருக்கின்றன அல்லவா, எஸ்சிஏ என்று எழுதுவார்கள்? அவற்றில் சிறுமூளை மங்கும், பல வகைகளில் அதன் முன்னால் இருக்கும் மூளைத் தண்டும் சேர்ந்து மங்கும். இந்த எஸ்சிஏ நம்மவர்களுக்குத் தூரத்து விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு குறிப்பிட்ட சமூகத்தில் எஸ்சிஏ1 அதிகமாக இருப்பது 2005-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்திருக்கிறது. வட இந்தியாவில் எஸ்சிஏ12 என்ற வகை இருக்கிறது, அது பெரும்பாலும் கை நடுக்கத்தில் தொடங்கும். ஆனால் எஸ்சிஏ1-ஆ, 2-ஆ, 3-ஆ என்று ஸ்கேன் படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு ரத்தத்தில் ஜீன் டெஸ்ட்தான். நோயின் பெயரைச் சொல்வது ஜீன், அந்த நோய் இன்றைக்கு மூளையில் எங்கே, எவ்வளவு என்று சொல்வது ஸ்கேன். கீழே வரும் சிக்கலான கேள்விகள் பாதி இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகின்றன.

கதிரியக்க ஊசின்னு சொல்றாங்களே சார், முடி கொட்டுமா? பின்னாடி ஏதாவது வருமா?

முடி கொட்டாது. பக்கத்திலேயே கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருப்பதால், அங்கே கதிர் சிகிச்சை எடுப்பவர்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்பவர்கள் உண்டு. சிகிச்சைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சுக்கும் படம் எடுக்கக் கொடுக்கும் அளவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மூளை பெட் ஸ்கேனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 5 மில்லிக்கியூரி எஃப்டிஜியால் உடலில் சேர்வது ஏறக்குறைய 3.5 மில்லிசீவர்ட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). கூடவே எடுக்கும் சிடியால் இன்னும் சிறிது சேரும். மண், காற்று, வானம், உணவு வழியாக உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேருகிறது. அதனால் ஒரு தடவை தேவைக்காக எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை, தேவையில்லாமல் ஒரு தடவைகூட எடுக்க வேண்டியதுமில்லை. ஃப்ளூரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும். அடுத்த நாள் அதே நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. சிறுநீரிலும் கொஞ்சம் வெளியேறுவதால் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறோம்.

கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். தனியாக வந்து சொன்னாலும் போதும்.

வீட்டுல கைக்குழந்தை இருக்கு. ஸ்கேன் முடிச்சுட்டுப் போய்த் தூக்கலாமா?

அன்று ஆறு மணி நேரம் போல மடியில் வைத்துக்கொள்வதைத் தவிர்த்தால் போதும். தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் முன்பே பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வாருங்கள், அந்த நேரத்தில் வேறு யாராவது புகட்டலாம். எஃப்டிஜி பாலில் கலப்பது மிகக் குறைவு. நெருக்கமாக அணைத்துக்கொள்வதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

சாப்பிடாம வரணுமா? அப்பாவுக்கு சுகர் வேற இருக்கே?

நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போட்ட காபி, டீ, ஜூஸ், மிட்டாய் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் மூளை செல்கள் அதையே எடுத்துக்கொள்ளும், எங்கள் மருந்துக்கு உள்ளே இடம் இருக்காது, படம் முழுக்க மங்கலாக வரும். அதனால்தான் ஊசிக்கு முன் விரலில் குத்திப் பார்க்கிறோம். 150-க்கு மேல் போகக் கூடாது, 200-க்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு மையமும் ஒரு வரம்பு வைத்திருக்கும். மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். வரும் வழியில் பயந்துபோய்க் கூடுதலாக இன்சுலின் போட்டுக்கொண்டு வர வேண்டாம்.

ஹன்டிங்டன் நோயாளிகளை அழைத்து வருபவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். அவர்களுக்கு எடை குறைந்துகொண்டே வரும், மற்றவர்களைவிட அதிகச் சாப்பாடு தேவை. மதியம் வரை பட்டினி போடுவது கொடுமை. காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள், காரணத்தைச் சொன்னால் கொடுப்பார்கள். ஸ்கேன் முடிந்ததும் கொடுக்க அவருக்குப் பிடித்ததைக் கட்டி எடுத்து வாருங்கள்.

ஊசி போட்டுட்டு இருட்டு ரூம்ல படுக்க வைக்கறீங்க. ஃபோன்கூடப் பாக்கக் கூடாதா?

கூடாது. மருந்து மூளையில் ஏறுவது அந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில்தான். அப்போது மூளை எதைச் செய்கிறதோ அதுதான் படத்தில் பதியும். வீடியோ பார்த்தால் பார்வைக்கான பகுதி கூடுதலாக ஒளிரும், பேசினால் பேச்சுக்கும் கேட்பதற்குமான பகுதிகள். டாக்டர் பார்க்க விரும்புவது சும்மா இருக்கும் மூளையை. துணைக்கு வந்தவர்களும் அந்த நேரத்தில் உள்ளே வந்து பேச்சுக் கொடுக்காதீர்கள்.

அரை மணி நேரம் லேட்டானதுக்கே சத்தம் போடறீங்களே?

சத்தம் போட்டால் தப்புதான், ஆனால் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த மருந்தைப் பாட்டிலில் வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் அன்றன்றைக்குத் தயாரித்து, உங்கள் நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கொண்டுவருகிறோம். மேலே சொன்ன 110 நிமிடக் கணக்கு சீசாவுக்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் பாதிக்கும் மேல் போய்விட்டிருக்கும். ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் சில்க் போர்டு சிக்னல் நெரிசலை நினைவில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தால் முதல் நாள் இரவே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது.

என் வீட்டுக்காரருக்குக் கை, கால், தலை எல்லாம் ஆடிட்டே இருக்கும். எப்படிப் படம் எடுப்பீங்க?

நாங்கள் தினமும் பார்க்கிற விஷயம் இது, சங்கடப்பட வேண்டாம். எஃப்டிஜியில் ஒரு வசதி இருக்கிறது. மருந்து ஏறும் நேரம் வேறு, படம் எடுக்கும் நேரம் வேறு. மருந்து மூளைக்குள் தங்கிய பிறகு, தேவைப்பட்டால் டாக்டர் லேசான தூக்க மருந்து கொடுப்பார். முன்பே கொடுத்தால் அதுவே மூளையின் வேலையைக் குறைத்துவிடும், படம் தப்பாகிவிடும். ஹன்டிங்டனில் வரும் அசைவுகள் தூக்கத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். படம் எடுக்க 10 முதல் 20 நிமிடம் ஆகும். அதையும் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, ஆடிப்போன துண்டை விலக்கவோ சரிசெய்யவோ முடியும்.

அவருக்கு எச்சில் விழுங்கக் கஷ்டமிருந்தால், இருமினால், புரை ஏறினால் கண்டிப்பாக முன்பே சொல்லுங்கள். மல்லாந்து படுப்பதிலும் தூக்க மருந்திலும் அது முக்கியமான தகவல். மூக்குத்தி, தோடு, ஹேர்பின், பல்செட் கழற்ற வேண்டும். எம்ஆர்ஐயோடு சேர்ந்த இயந்திரமானால் தாலிச் சங்கிலி உட்பட எல்லா உலோகமும் கழற்ற வேண்டிவரும். அன்றைக்கு மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல யோசனை. இன்னொன்று: “ஆடாம இருங்க” என்று அவரை அதட்டாதீர்கள். அது அவர் கையில் இல்லை. அதட்டினால் பதற்றத்தில் இன்னும் கூடும்.

எங்களுக்கு டிரோடாட்னு எழுதியிருக்காங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு. பார்க்கின்சன் மாதிரி நோய்களில் அசைவைச் சீராக வைக்க உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் நரம்புகள் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது டிரோடாட். அதில் இருப்பது டெக்னீசியம்-99எம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். எடுக்கும் கேமராவும் வேறு, ஸ்பெக்ட் என்பார்கள். ஊசி போட்டபின் மூன்று, நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதற்குப் பட்டினி தேவையில்லை. சில மனநல மருந்துகள், கவனக்குறைவுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் போன்றவை இந்தப் படத்தைக் குழப்பும், எல்லா மாத்திரைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

எஃப்டோபா என்று எழுதியிருந்தால் அதுவும் டோபமைன் சம்பந்தப்பட்டதுதான், ஆனால் பெட் இயந்திரத்தில் எடுப்பது.

அமிலாய்டு ஸ்கேன் எடுத்தா அல்சைமர் வருமான்னு முன்கூட்டியே தெரிஞ்சிடுமாமே?

பாதி உண்மை. அமிலாய்டு என்பது அல்சைமரில் மூளையில் படியும் புரதம். அதில் ஒட்டிக்கொள்ளும் ஸ்கேன் மருந்துகள் இருக்கின்றன, ஃப்ளோர்பெட்டாபிர் என்பது 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏபிபி, பிரெசெனிலின் ஜீன்களில் மாற்றம் உள்ள குடும்பங்களில், அறிகுறி வர வேண்டிய வயதுக்குச் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பே படிவு தெரிகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தக் குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதிலேயே மறதி தொடங்கிவிடும்.

ஆனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் மிக அரிது. எழுபத்தெட்டு வயதில் பாட்டிக்கு மறதி வந்தது என்பதற்காகப் பேரன் இந்த ஸ்கேனுக்கு வர வேண்டாம். வயதானவர்களில் நல்ல ஞாபகத்தோடு இருப்பவர்கள் பலருக்கும் அமிலாய்டு படிந்திருக்கும். படிவு இருந்தால் நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

எனக்கு ஸ்கேன் நார்மல்னு வந்திருச்சு. அப்போ அப்பாவோட நோய் எனக்கு வராதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஹன்டிங்டனை எடுத்துக்கொள்வோம். நான்காவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 1993-இல் கண்டுபிடித்தார்கள். அது 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், சராசரி ஆயுள் இருக்கும் பட்சத்தில் நோய் வரும். 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். இந்த எண்ணிக்கை பிறக்கும்போதே இருக்கிறது. மூளை தளர்வதோ பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு. இருபத்தைந்து வயதில் எடுத்த பெட் ஸ்கேன் அழகாக இருக்கலாம், ஜீன் மாற்றமும் இருக்கலாம். நார்மல் ஸ்கேன் என்றால் இன்றைக்கு மூளை நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அது ஜாதகம் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரிப்போர்ட்டில் ‘லேசான குறைவு’ என்று ஒரு வரி இருந்தால் நோய் தொடங்கிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தூக்க மருந்து, சர்க்கரை அளவு, தலை அசைந்தது, வயது எல்லாம் படத்தைப் பாதிக்கும்.

ஜீன் டெஸ்ட்டுன்னாலே பயமா இருக்கு. அதுக்குப் பதிலா சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாமே?

அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் கேட்பது இது. எனக்கு அந்தப் பயம் புரிகிறது. அப்பாவையோ அத்தையையோ பத்து வருடம் பார்த்துக்கொண்டவருக்கு அந்த ரிசல்ட் கவருக்குள் என்ன இருக்கும் என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் ஸ்கேன் அதற்கு மாற்று வழி இல்லை. நார்மல் என்று வந்தால் மேலே சொன்னபடி நிம்மதி கிடைக்காது. குறைவு என்று வந்தால், கவுன்சலிங் எதுவும் இல்லாமல், நீங்கள் தெரிந்துகொள்ளத் தயாராகாத ஒன்றை ஒரு ரிப்போர்ட்டில் படிப்பீர்கள். அது ஜீன் டெஸ்ட்டைவிட மோசமான வழி.

ஜீன் டெஸ்ட்டுக்கு முறையான வழி இருக்கிறது. பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மரபியல் ஆலோசனை உண்டு. முதலில் பேசுவார்கள், யோசிக்க நேரம் கொடுப்பார்கள், ரத்தம் கொடுத்த பிறகும் ரிசல்ட்டை வாங்காமல் விட உங்களுக்கு உரிமை உண்டு. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதும் முழு மரியாதைக்குரிய முடிவுதான். அண்ணன் தெரிந்துகொண்டார் என்பதற்காகத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பையனுக்குப் பதினாலு வயசு. அவனுக்கும் சேத்து எடுத்துடலாமா?

அறிகுறி இல்லாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு, பெரியவர்களான பிறகு வரும் நோய்க்காக ஜீன் டெஸ்ட் செய்வதில்லை. உலகம் முழுக்கப் பின்பற்றும் நெறி அது, ஸ்கேனுக்கும் அதே நியாயம்தான். அந்த முடிவு அவன் வளர்ந்த பிறகு அவன் எடுக்க வேண்டியது. பையனுக்கே படிப்பில் சரிவு, விறைப்பு, வலிப்பு என்று அறிகுறி இருந்தால் கதை வேறு. ஹன்டிங்டன் சிறு வயதிலும் வரலாம், பெரும்பாலும் அப்பா வழியில் சிஏஜி எண்ணிக்கை கூடி வரும்போது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமன் பொண்ணைக் கட்டினதாலதான் இது வந்துச்சுன்னு ஊர்ல பேசறாங்க. உண்மையா?

ஹன்டிங்டன், எஸ்சிஏ1, 2, 3, 12 இவற்றில் உண்மை இல்லை. இவை அப்பா அல்லது அம்மா ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உள்ளவை. யாரைக் கட்டியிருந்தாலும் கணக்கு அதேதான். கட்டிக்கொண்டு வந்த மருமகளைக் குற்றம் சொல்வதில் நியாயமே இல்லை.

சொந்தத்தில் திருமணம் சம்பந்தப்படுவது, இரண்டு பக்கமிருந்தும் ஜீன் வந்தால் மட்டும் வரும் நோய்களில். உடலில் செம்பு சேர்ந்துகொண்டே போகும் வில்சன் நோய் அப்படிப்பட்டது. அதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம், அது மருந்தால் கட்டுப்படுவது. இளம் வயதில் நடுக்கம், பேச்சுக் குழறல், கூடவே மஞ்சள் காமாலை என்றால் செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்) ரத்தப் பரிசோதனை, கண்ணில் செம்பு வளையம் பார்ப்பது, சிறுநீரில் செம்பு பார்ப்பது இவைதான் முதலில். பெட் ஸ்கேனுக்கு வரிசையில் நின்று நாளைக் கடத்த வேண்டாம். கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் இதில் முன்பே தெரிந்தால் முன்பே காப்பாற்றலாம்.

தங்கச்சிக்கு வரன் பாக்கறோம். மாப்பிள்ளை வீட்ல ‘ஸ்கேன் எடுத்துக் காட்டுங்க’ன்னு கேக்கறாங்க.

ஸ்கேன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, ஏன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். கதிரியக்க ஊசியை மருத்துவத் தேவையில்லாமல், இன்னொரு வீட்டாரின் திருப்திக்காகப் போடுவது சரியில்லை. தங்கையை ஜீன் டெஸ்ட்டுக்கு நெருக்குவதும் சரியில்லை. முதலில் அவரிடம் தனியாகக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று.

குடும்பத்தில் நோய் இருப்பதை மறைத்துத் திருமணம் செய்யச் சொல்லவும் எனக்கு மனம் வராது. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் அவரே சொல்வதுதான் நல்லது. இருவரும் சேர்ந்து மரபியல் ஆலோசகரைப் பார்த்தால், பிள்ளைக்கு நோய் போகாமலிருக்க என்ன வழி என்று தெரியும். கருவில் பரிசோதனை உண்டு. ஐவிஎஃப் முறையில் ஜீன் மாற்றம் இல்லாத கருவைத் தேர்ந்து வைப்பதும் உண்டு. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான் தடுக்கிறது, இப்படிப்பட்ட நோய்க்கான பரிசோதனையை அனுமதிபெற்ற இடங்களில் செய்ய விடுகிறது.

நோய் உறுதியாயிடுச்சு. இனி வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணுமா?

வேண்டியதில்லை. ஹன்டிங்டனையோ எஸ்சிஏவையோ நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை, அதனால் படம் இன்னும் மங்கியிருக்கிறது என்று தெரிந்து சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கும், பேச்சு-விழுங்கல் பயிற்சிக்கும், சத்தான சாப்பாட்டுக்கும், பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு உதவியாள் வைக்கவும் செலவழியுங்கள். திடீரென்று புதிய அறிகுறி வந்து, வேறு நோயா என்ற சந்தேகம் எழுந்தால் டாக்டரே எழுதுவார்.

ஆராய்ச்சிக்குன்னு எனக்கும் ஸ்கேன் எடுக்கக் கூப்பிடறாங்க. எனக்கு நோய் இல்லை. போகலாமா? ரிசல்ட் சொல்வாங்களா?

நோய்க்கு மருந்து வர வேண்டுமென்றால் அறிகுறி வருவதற்கு முன்னால் மூளையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு உங்களைப் போன்றவர்கள் தேவை. ஹன்டிங்டனில் பிடிஇ10ஏ என்ற புரதத்தைக் காட்டும் புதிய ஸ்கேன் மருந்துகள், மிக ஆரம்பத்திலேயே குறைவைக் காட்டியது அப்படித் தாங்களாக முன்வந்தவர்களால்தான். ஆகவே போகலாம்.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். ஜீன் டெஸ்ட் முடிவை உங்களிடம் சொல்வார்களா, மாட்டார்களா? இரண்டும் நடைமுறையில் உண்டு. நீங்கள் கேட்காவிட்டால் தவறியும் உங்கள் காதுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? ஜீன் மாற்றம் உள்ளவர்களை மட்டும் அழைக்கும் ஆய்வானால், அழைப்பு வந்ததிலிருந்தே உங்கள் நிலை தெரிந்துவிடுமே, அதைக் கவனியுங்கள். மூன்றாவது, இந்தத் தகவல் யார் யாருக்குப் போகும்? ஜீனைக் காரணம் காட்டி வேலையிலோ காப்பீட்டிலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. நடுவில் வேண்டாமென்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் அப்பாவுக்கு அங்கே நடக்கும் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது, அதையும் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.